ஒரு புரொஜெக்டர், ஒரு போன், நாற்பது பிள்ளைகள்: எந்த டிஜிட்டல் கருவியை எதற்கு எடுப்பது?

விளக்குத்திரி

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். பயிற்சிக்காகப் போகும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்து வருவது மின்னோட்டமும் மின்சுற்றும். வகுப்பில் நாற்பது பேர். ஒரு புரொஜெக்டர் இருக்கிறது. என்னிடம் ஒரு லேப்டாப்பும் ஒரு போனும் உண்டு. பிள்ளைகள் கையில் எந்தக் கருவியும் கிடையாது. இணையம் ஒருநாள் வரும், ஒருநாள் வராது.

கஹூட், பிளிக்கர்ஸ், ஜியோஜீப்ரா, ஃபெட், எச்5பி, பேட்லெட் என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தால், எதை எந்த இடத்தில் வைப்பது என்று பிடிபடவில்லை. பாடக்குறிப்பில் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டும் என்பதற்காக ஒரு வீடியோவை ஓடவிட்டு வர எனக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது விளங்க வேண்டும்.

நீங்கள் என்றால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

கோணமானி

வணக்கம் டீச்சர். பட்டியலைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில், மின்சுற்றில் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று எழுதுங்கள். போன ஆண்டு விடைத்தாள்கள் கிடைத்தால் புரட்டுங்கள். வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள். சறுக்கும் இடம் தெரிந்த பிறகுதான், அந்த இடத்தில் எதைக் காட்டலாம், எதைக் கேட்கலாம் என்ற யோசனை வரும். கருவி அதற்கும் பிறகு.

பயிற்சி வகுப்பில் டிபேக் என்ற சட்டகத்தைச் சொல்லியிருப்பார்கள். மிஷ்ராவும் கோலரும் 2006இல் எழுதியது. பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு என்று மூன்று வட்டங்கள் வரையப்பட்டிருக்கும். தேர்வுக்கு அந்தப் படத்தை வரைந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அது சொல்வது ஒன்றைத்தான்: ஜியோஜீப்ரா என்ற, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்கும் கணித மென்பொருள் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, கணிதம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. இந்தத் தேற்றத்தை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஜியோஜீப்ராவில் எந்தப் புள்ளியைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். அந்தக் கடைசி அறிவு எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

ஊசல்

நான் இயற்பியல் எடுப்பவள். விளக்குத்திரி, உங்கள் பாடம் என் மனதுக்கு நெருக்கமானது. அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். மின்கலத்திலிருந்து கிளம்பி வருவதில் பாதியை முதல் பல்பு எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் கணக்கு. பல நாடுகளில், பல வயதினரிடம் ஆய்வாளர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். கல்லூரிப் படிப்பு முடித்தவர்களிடம் கேட்டாலும் இதே பதில் வரும். 'தொடர் இணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்' என்று நூறு முறை எழுத வைத்தாலும் அந்த நம்பிக்கை அசையாது. தேர்வில் சரியாக எழுதுவார்கள், மனதுக்குள் பழைய கணக்கு அப்படியே இருக்கும்.

இங்கேதான் ஃபெட் கைகொடுக்கும். கார்ல் வீமன் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம் அது. 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர்களுடைய சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகள், இலவசம். எச்டிஎம்எல்5இல் செய்தவற்றை ஒவ்வொன்றாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாமலும் பிரவுசரில் திறக்கும். சிலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனை முந்தின நாளே இறக்கி வைத்துவிடுங்கள்.

வகுப்பில் இப்படிச் செய்யலாம். ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், ஒரு சாவி. எல்லாம் தொடர் இணைப்பில். சாவி திறந்தே இருக்கட்டும். திரையைக் காட்டி, மூடினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். முதல் பல்பு அதிகம் எரியுமா, இரண்டாவது அதிகம் எரியுமா, இரண்டும் சமமா, இரண்டாவது எரியவே எரியாதா? ஒவ்வொருவரும் நோட்டில் விடையையும், ஏன் என்று ஒரு வரியையும் எழுத வேண்டும். எழுதாமல் யாரும் திரையைப் பார்க்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாத பிள்ளைக்குத் திரையில் நடப்பது வெறும் காட்சி. எழுதி வைத்த பிள்ளைக்கு அது தன் விடைக்கான தீர்ப்பு.

பிறகு சாவியை மூடுங்கள். இரண்டும் சமமாக எரியும். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். உடனே விளக்கத்தில் இறங்காதீர்கள். ஏன் என்று அவர்களே பேசட்டும். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள், அடுத்து இரண்டுக்கும் நடுவில், கடைசியில் இரண்டாவதுக்குப் பின்னால். மூன்று இடத்திலும் ஒரே அளவு. அதற்கும் பிறகுதான் எலெக்ட்ரான்கள் ஓடுவதைக் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிமுலேஷனில் எலெக்ட்ரான்கள் உருண்டு ஓடுவதைப் பார்க்கும் பிள்ளை, சாவியை மூடியதும் ஒரு எலெக்ட்ரான் மின்கலத்திலிருந்து கிளம்பி ஓடிவந்து பல்பை எரிய வைக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். நாம் அன்றாடம் பார்க்கும் செம்புக் கம்பிகளில் எலெக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பி முழுக்க ஏற்கெனவே எலெக்ட்ரான்கள் இருக்கின்றன, எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நகரத் தொடங்குகின்றன. பல்பு உடனே எரிவது அதனால்தான். இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நல்ல சிமுலேஷனும் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை விதைக்கக் கூடும்.

விளக்குத்திரி

மிக்க நன்றி டீச்சர். பாடம் இப்போது என் கண்முன் தெரிகிறது. ஒரு சந்தேகம். பள்ளி ஆய்வகத்தில் பல்பும் மின்கலமும் கம்பியும் இருக்கின்றன. கையில் உண்மையான பொருளே இருக்கும்போது திரையில் எதற்கு என்று வழிகாட்டி ஆசிரியர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

ஊசல்

நியாயமான கேள்விதான். 2005இல் அதே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வந்தது. சில மாணவர்களுக்கு உண்மையான சுற்றுப் பொருள்கள், சிலருக்கு இந்தச் சிமுலேஷன் மட்டும். கருத்து விளங்கியதா என்று பார்த்த கேள்விகளில் சிமுலேஷன் குழு முந்தியது. பிறகு உண்மைப் பொருள்களைக் கொடுத்துச் சுற்று அமைக்கச் சொன்னபோதும் அவர்களே நன்றாகச் செய்தார்கள்.

காரணத்தை வகுப்பிலேயே பார்க்கலாம். உண்மைக் கம்பிக்குள் எதுவும் தெரியாது. இணைப்பு தளர்ந்திருந்தாலும் பல்பு எரியாது, பல்பு பழுதாக இருந்தாலும் எரியாது. கருத்தில் தப்பா, கம்பியில் தப்பா என்று பிள்ளைக்குத் தெரியாது. ஒரே மாதிரியான பல்பு என்று சொல்லிக் கொடுத்த இரண்டில் ஒன்று சற்று மங்கலாக எரிந்தால், 'பார்த்தீர்களா, செலவாகிவிட்டது' என்ற பழைய நம்பிக்கைக்கு அதுவே சாட்சியாகிவிடும்.

ஆனால் இதைக் காட்டி ஆய்வகத்தைப் பூட்டிவிட நான் ஒப்ப மாட்டேன். திரையில் கருத்து பிடிபட்டதும், அடுத்த பாடவேளையில் பொருள்களைக் கையில் கொடுங்கள். ஒரு பல்பு மங்கலாக எரிகிறதா? இரண்டு பல்பையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கல், பல்போடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா? பல்போடு போனால் அது பல்பின் குணம். இந்தச் சோதனையைப் பிள்ளைகளே யோசித்துச் சொன்னால் அதைவிட வேறென்ன வேண்டும்!

பின்வரிசை

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன்.

திரைப்படம் வந்துவிட்டது, பள்ளிகளில் புத்தகத்துக்கு இனி வேலை இருக்காது என்று 1913இலேயே எடிசன் சொன்னார். வானொலி வந்தபோதும், தொலைக்காட்சி வந்தபோதும், கணினி வந்தபோதும் அதே பேச்சு. பெருவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்துப் பார்த்தார்கள். கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை என்று 2012இல் அந்த மதிப்பீடு வெளியானது. பள்ளிகளில் கணினிக்குப் பெருமளவு செலவழித்த நாடுகளில் வாசிப்பும் கணிதமும் அறிவியலும் குறிப்பிடும்படி உயரவில்லை என்று, பொருளாதார ஒத்துழைப்புக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் 2015 அறிக்கை சொல்லியது.

விளக்குத்திரி, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன். முதலில் கரும்பலகையும் வாயும் வைத்துக்கொண்டு நாற்பது பேரை நாற்பது நிமிடம் யோசிக்க வைக்கப் பழகுங்கள். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். இரண்டு நொடி அதிகம், அவ்வளவுதான். எந்தச் செயலியும் வேண்டாம்.

கோணமானி

பின்வரிசை சார் சொன்ன காத்திருப்பு நேரத்தை நானும் வழிமொழிகிறேன். பெருவிலும் மற்ற இடங்களிலும் கிடைத்த முடிவு, கருவியைக் கையில் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கான பதில். விளக்குத்திரி அப்படி நினைக்கவில்லை. எங்கே வைப்பது என்றுதான் கேட்கிறார்.

சுண்ணக்கட்டியால் செய்ய முடியாத சில வேலைகள் உண்டு. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை. கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரையலாம், மூன்று வரையலாம். ஜியோஜீப்ராவில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் மெலிகிறது, சாய்கிறது, விரிகிறது, கூடுதல் மட்டும் அசையாமல் நிற்கிறது. மாறும் எல்லாவற்றுக்கும் நடுவில் மாறாத ஒன்றைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் இருக்கிறது. கோண அளவுகளை முழு எண்ணாகக் காட்டும்படி வைத்துவிட்டு இழுங்கள். ஓரிடத்தில் திரையில் 60, 61, 60 என்று வரும். கூட்டினால் 181! முன் இருக்கையில் ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தும். உண்மை அளவுகள் 59.6, 60.7, 59.7. ஒவ்வொன்றையும் தனித்தனியாக முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம். அந்த நிமிடத்தில் வகுப்பைக் கேட்கலாம்: அளந்து பார்த்தது போதுமா, எல்லா முக்கோணத்துக்கும் உண்மை என்று எப்படி நம்புவது? அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து நிறுவ வேண்டிய தேவை அங்கேதான் பிறக்கிறது. அந்தத் தேவையைப் பிள்ளைக்கு உண்டாக்காமல் நிறுவலைக் கரும்பலகையில் எழுதினால், அது மனப்பாடம் செய்ய வேண்டிய இன்னொரு பத்தியாகிவிடும்.

புதுவரவு

நானும் பயிற்சியில்தான் இருக்கிறேன். நான் போகும் பள்ளியில் கணினி அறை இருக்கிறது. கஹூட் என்ற வினாடிவினா விளையாட்டை வைத்தால் பிள்ளைகள் குதிக்கிறார்கள். ஆனால் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான் மேலே வருகிறார்கள். மற்றவர்கள் பாதியில் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதை விட்டுவிடலாமா?

கோணமானி

விட வேண்டாம் தம்பி. அமைப்பை மாற்றுங்கள். வழக்கமான அமைப்பில் வேகமாக அழுத்துபவருக்குப் புள்ளி அதிகம். யோசிப்பவருக்கு அது தண்டனை. ஒரு கேள்விக்கான நேரத்தை நான்கு நிமிடம் வரை கூட்டலாம், புள்ளியே இல்லாமலும் வைக்கலாம். விடைப் பரவலைக் காட்டும் திரையில் நின்று, தவறான விடையைத் தேர்ந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று வகுப்போடு பேசுங்கள். அந்தப் பேச்சுக்குத்தான் முழு விளையாட்டும்.

நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் முயற்சியே மனதில் பதிய வைக்கிறது என்பதற்கு ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் செய்த சோதனை நல்ல சான்று. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 61 சதவீதம். அதற்குக் கணினியும் வேண்டாம், துண்டுத்தாளே போதும். கணினி இருந்தால் யார் எங்கே தடுமாறினார் என்பது உங்களுக்கு உடனே தெரியும்.

ஊசல்

விளக்குத்திரிக்குப் பொருந்துவது பிளிக்கர்ஸ். பிள்ளைகளுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் கருப்பு வெள்ளையில் ஒரு சதுர உருவம். ஒவ்வொரு எண்ணுக்கும் வேறு உருவம். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று சின்ன எழுத்தில் இருக்கும். தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீங்கள் முன்னால் நின்று போன் கேமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால் எல்லா விடைகளும் பதிவாகிவிடும். எழுத்து சின்னதாக இருப்பதாலும், ஒவ்வொரு அட்டையும் வேறாக இருப்பதாலும், பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார் என்று எட்டிப் பார்ப்பது கடினம். கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

அட்டைகளைப் பளபளப்பாக லேமினேட் செய்ய வேண்டாம். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவால் படிக்க முடியாது. கெட்டித் தாளில் அச்சிட்டு அப்படியே கொடுங்கள், அல்லது மேட் லேமினேஷன். பெயர்ப் பட்டியல் கேட்கும் இடத்தில் வரிசை எண்ணை மட்டும் போடுங்கள். பிள்ளைகளின் முழுப் பெயரை வெளித் தளம் எதிலும் ஏற்றாமல் இருப்பது நல்ல பழக்கம்.

உங்கள் போனுக்கு இணையம் வேண்டும். வராத நாளில், ஒரு தாளை நான்காக மடித்து நான்கு முகத்திலும் ஓர் எழுத்து எழுதச் சொன்னால் போதும். மார்போடு ஒட்டி, உங்களுக்கு மட்டும் தெரியும்படி பிடிக்க வேண்டும். எண்ணிக்கை பதிவாகாது, ஆனால் வகுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

வாக்கு வாங்கியபின் என்ன செய்வது? ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் செய்துவந்த முறையைப் பாருங்கள். முதல் வாக்கில் சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொல்லி மறுபடி வாக்கு வாங்குவார். அதற்கும் குறைவு என்றால் கருத்தையே திரும்ப எடுக்க வேண்டும். அதிகம் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். ஒன்று முக்கியம்: முதல் வாக்கின் முடிவைத் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் பிள்ளைகள் பெரும்பான்மைப் பக்கம் போய்விடுவார்கள்.

பின்வரிசை

இந்த முறையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். இங்கே யோசிப்பது பிள்ளை, போன் எண்ணிச் சொல்கிறது. மடித்த தாளிலும் நடக்கும் என்பதால் இன்னும் பிடிக்கிறது.

ஒலிநாடா

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் பார்வை இல்லை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துத்தான் இந்த இழையைப் படிக்கிறேன், எழுதுகிறேன்.

'திரையைப் பாருங்கள், தெரிகிறதா?' என்பது வகுப்பில் இப்போது அதிகம் கேட்கும் வாக்கியம். கடைசி வரிசையில், கண்ணாடி வாங்கித் தரப்படாத பிள்ளைக்கு அது தெரியாது. தெரியவில்லை என்று சொல்லவும் சொல்லாது. அதனால் திரையில் நடப்பதை வாயாலும் சொல்லுங்கள். 'முதல் பல்பின் இடதுபக்கம் அம்மீட்டரை வைக்கிறேன், சாவியை மூடுகிறேன், இரண்டும் எரிகின்றன, அம்மீட்டர் இவ்வளவு காட்டுகிறது' என்று. பார்க்க முடிந்த பிள்ளைக்கும் எதைப் பார்ப்பது என்று அது வழிகாட்டும்.

நிறத்தை மட்டும் நம்பிக் கேள்வி கேட்காதீர்கள். ஆண் பிள்ளைகளில் சுமார் பன்னிரண்டில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கஹூட்டில் நிறத்தோடு முக்கோணம், வட்டம் என்று வடிவமும் இருப்பது அந்த வகையில் நல்லது. நீங்கள் செய்யும் ஸ்லைடிலும் சிவப்புக் கம்பி என்று மட்டும் சொல்லாமல் பக்கத்தில் ஓர் எழுத்தை எழுதுங்கள்.

ஸ்லைடில் இருப்பதை அப்படியே வரிவரியாக வாசிக்கும் வழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லூடகக் கற்றல் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் மேயரின் முடிவு, படத்தோடு பேச்சு இருந்தால் போதும், அதே சொற்களைத் திரையிலும் நிரப்புவது பெரும்பாலும் கற்றலைக் குறைக்கிறது என்பது. பார்வை இல்லாத பிள்ளைக்கும் படத்தை விளக்கும் பேச்சுதான் உதவும்.

விளக்குத்திரி

ஐயா, இதை என் பாடக்குறிப்பில் தனியாகவே எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு படியிலும் நான் வாயால் என்ன சொல்வேன் என்று எழுதிப் பார்த்தபோது, எனக்கே எந்தப் படி தெளிவாக இல்லை என்று தெரிந்தது. மிக்க நன்றி.

எழுதுகோல்

தமிழில் கேள்வி தயாரிப்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு.

பழைய வினாத்தாள்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். அதை வெட்டி வினாடிவினாத் தளத்தில் ஒட்டினால் புரியாத குறிகளாக வரும். முதலில், எல்லாத் தளங்களும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியைக் கணினியே திருத்தும்படி வைத்தால், 'மின்னோட்டம்' என்று சரியாகத் தட்டிய பிள்ளைக்கும் சில மென்பொருள்களில் தவறு என்று வரலாம். 'னோ' என்பதில் இருக்கும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளாத மென்பொருள், விடை வேறு என்று முடிவு செய்துவிடும். ஔகாரத்தில் கொம்போடு 'ள' எழுத்தைத் தட்டுபவர்களும் உண்டு. அதனால் தமிழில் தட்டச்சு விடைகளைக் கணினித் திருத்தத்துக்கு விட்டால், தவறு என்று வந்தவற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். சரியாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்புப் பெருக்கல் குறி வருவது சின்ன விஷயமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விகளை ஒரு சாதாரண விரிதாளில் தனியாகச் சேமித்து வையுங்கள். 2020 இறுதியில், பிரவுசரில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் நின்றதும் எத்தனையோ கல்விச் சிமுலேஷன்கள் திறக்காமல் போயின. எட்மோடோ என்ற இணைய வகுப்பறைத் தளம் 2022இல் மூடியது. கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 இறுதியோடு நின்றது. தளம் போகும், நீங்கள் யோசித்து எழுதிய கேள்வி போகக் கூடாது.

புதுவரவு

கேள்விகளை ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு வாங்கலாமா? நேரம் மிச்சமாகிறது.

ஊசல்

வாங்கலாம், ஆனால் தவறான விடைகளை மட்டும் அதனிடம் விடாதீர்கள். நான்கு விடைகளில் உயிர் இருப்பது அந்த மூன்றில்தான். சாட்பாட் தரும் தவறான விடைகள் பல நேரம் யாருமே தேர்ந்தெடுக்காத மாதிரி இருக்கும், அல்லது சரியான விடை மட்டும் நீளமாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் பிள்ளைகள் நோட்டில் எழுதிய தவறான காரணங்களை எடுத்து, அவர்கள் சொற்களிலேயே விடைகளாக வையுங்கள். சரி என்று அது குறித்ததை நீங்களே போட்டுப் பாருங்கள். தவறையும் அதே நம்பிக்கையான தொனியில்தான் அது சொல்லும்.

விளக்குத்திரி

எல்லோருக்கும் நன்றி. என் பாடக்குறிப்பின் சுருக்கம் இது. பிழை இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் சிமுலேஷனைத் திறந்து, இரண்டு பல்பு தொடர் இணைப்பை எலெக்ட்ரான்களோடு காட்டுகிறேன். அம்மீட்டர் வைத்து மூன்று இடத்திலும் படிக்கிறோம். அடுத்து பிளிக்கர்ஸ் வாக்கு: 'மின்னோட்டம் எங்கே அதிகம்?' பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதம், மறு வாக்கு. கடைசியாகப் பார்க்காமல் நோட்டில் இரண்டு வரி.

ஊசல்

பொருள்களெல்லாம் சரி, வரிசை தலைகீழாக இருக்கிறது. அம்மீட்டரைப் படித்த பிறகு வாக்கு வாங்கினால் எல்லோரும் சமம் என்றுதான் சொல்வார்கள். திரையில் பார்த்ததைத் திருப்பிச் சொல்வார்கள், மனதில் இருப்பது வெளியே வராது. முதல் வாக்கு, விவாதம், மறு வாக்கு எல்லாம் சாவி மூடுவதற்கு முன்னால். சிமுலேஷனில் மின்னோட்டத்தைக் காட்டும் தேர்வுப்பெட்டி ஒன்று இருக்கும். தொடக்கத்தில் அதிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். பல்பு, பிறகு அம்மீட்டர், கடைசியில் எலெக்ட்ரான்.

முடிவில், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க வேண்டாம். மூன்றாவது பல்பைச் சேர்த்தால் மற்ற இரண்டின் ஒளி என்ன ஆகும் என்று கேளுங்கள். பார்த்திராத ஒன்றைச் சரியாகச் சொன்னால்தான் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.

விளக்குத்திரி

பாடம் நடந்து முடிந்தது. நீங்கள் சொன்ன வரிசையில்தான் எடுத்தேன்.

முதல் வாக்கில் பெரும்பாலானவர்கள் முதல் பல்பு அதிகம் எரியும் என்றார்கள். விவாதம் நடந்தபோது நான் வரிசைகளுக்கு நடுவே நடந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'இரண்டாவதுக்கு வந்து சேரும்போது கொஞ்சம்தான் மிஞ்சும்' என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் 'அப்போது மின்கலத்தைத் திருப்பிப் போட்டால் மற்ற பல்பு பளிச்சென்று எரியுமா?' என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் யோசித்திருக்கவே இல்லை. அதை வகுப்புக்கே சொல்லச் சொன்னேன். மறு வாக்கில் விடைகள் நிறைய மாறின. சாவியை மூடியபோது ஒரு பிள்ளை எழுந்தே நின்றுவிட்டது.

இப்போது நான் பதில் சொல்ல முடியாமல் கொண்டுவந்திருக்கும் கேள்வி இது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: 'மின்னோட்டம் செலவாகவில்லை என்றால் மின்கலம் ஏன் தீர்ந்துபோகிறது?' நாளைக்குப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஊசல்

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அவள் கேட்டதுதான் அடுத்த பாடம். சுற்றி வருவது மின்னூட்டம், அது தீர்வதில்லை. மின்கலத்தின் வேதியாற்றல் பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. தீர்ந்துபோவது அது. 'ஏதோ ஒன்று செலவாகிறது' என்ற பிள்ளைகளின் உணர்வு முழுத் தவறல்ல. செலவாவது எது என்பதில்தான் குழப்பம். அதை அவர்களிடம் அப்படியே சொல்லுங்கள்.

இதற்குச் சிமுலேஷன் உதவாது. அதில் உள்ள மின்கலம் எத்தனை நேரம் எரியவிட்டாலும் தீராது. நாளை ஆய்வகத்திலிருந்து ஒரு புது மின்கலமும், பாதிக்கு மேல் பயன்படுத்திய ஒன்றும், ஒரு மல்டிமீட்டரும் எடுத்துப் போங்கள். பல்பு இணைக்காமல் இரண்டின் மின்னழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அடுத்து பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். பழைய மின்கலத்தில் பல்பை இணைத்ததும் எண் கூடுதலாக இறங்கும். அளக்கும் முன் என்ன ஆகும் என்று நோட்டில் எழுத வைக்க மறக்காதீர்கள். அந்த மாணவி என்ன எழுதினாள் என்று இங்கே வந்து சொல்லுங்கள்.

பின்வரிசை

மல்டிமீட்டரை அந்த மாணவியின் கையிலேயே கொடுங்கள். அவளே படித்து வகுப்புக்குச் சொல்லட்டும்.